சென்னை–டாலஸ்: 18 மணி நேரம் என்று காட்டியது, எங்களுக்கு ஆனது முப்பத்தேழரை

மகளுக்குப் பிரசவம், டாலஸ் போக வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்னால் 'சென்னை டாலஸ் தூரம்' என்று போனில் தட்டினேன். 14,900 கிலோமீட்டர், 18 மணி நேரம் என்று வந்தது. "நாகர்கோவிலுக்கு ரயில்ல போறதைவிட அஞ்சாறு மணி நேரம் கூட, அவ்வளவுதான்" என்று வீட்டில் தைரியம் வேறு சொன்னேன்.

மடிப்பாக்கம் வீட்டைப் பூட்டியதிலிருந்து மகள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியது வரை முப்பத்தேழரை மணி நேரம் ஆனது. அதில் பாதி விமானத்தின் கணக்கு, மீதி என் அறியாமையின் கணக்கு. அடுத்த முறை இருபத்தொன்பதரையில் போய்ச் சேர்ந்தோம். முதல் முறையாக அமெரிக்காவுக்கோ அந்த அளவு தூரத்துக்கோ கிளம்புகிறவர்களுக்காக, குறிப்பாகப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்காக, இதை எழுதுகிறேன். டாலஸ் இருக்கும் இடத்தில் உங்கள் ஊரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. காட்டும் தூரம் எந்தத் தூரம் என்று பாருங்கள்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரம் சொல்லும் தளங்கள் உருண்டைப் பூமியின் மேல் மிகக் குறுகிய கோட்டை அளந்து சொல்கின்றன. சுவரில் மாட்டிய உலகப் படத்தில் ஸ்கேல் வைத்தால் அந்தக் கோடு வராது. வீட்டில் பிள்ளைகளின் குளோப் இருந்தால் ஒரு தையல் நூலைச் சென்னையில் ஒரு விரலால் அழுத்தி, டாலஸில் இன்னொரு விரலால் இறுக்கிப் பிடியுங்கள். நூல் மேற்கேயும் போகாது, கிழக்கேயும் போகாது. நேராக வடக்கே ஏறி, வடதுருவத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் பக்கத்தில் உரசிக்கொண்டு அந்தப்புறம் இறங்கும். 14,900 என்பது அந்த நூலின் நீளம்.

அந்த நூலின் மேல் உங்களை யாரும் கூட்டிப் போகப் போவதில்லை. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாகப் போனால் சென்னை–துபாய் சுமார் 2,930, துபாய்–டாலஸ் சுமார் 12,920, ஆக 15,850 கிலோமீட்டர். லண்டன் வழியாகப் போனாலும் ஏறக்குறைய அதேதான். எனவே வழியைப் பொறுத்து ஆயிரம் கிலோமீட்டர் கூடும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், அது ஒரு மணி நேரச் சமாச்சாரம். நேரத்தை விழுங்குவது நடுவில் உட்கார்ந்திருப்பதுதான்.

அலகையும் கவனியுங்கள். சில தளங்கள் 9,260 என்று காட்டும், அது மைல். சில 8,050-க்குப் பக்கத்தில் காட்டும், அது கடல் மைல். தூரம் ஒன்றுதான்.

பறக்கும் நேரத்தை நீங்களே போட ஒரு கைக்கணக்கு உண்டு. கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். துபாய்க்கு நாலு மணி நேரம் வரும், துபாயிலிருந்து டாலஸுக்குப் பதினாறுக்குக் கொஞ்சம் குறைய வரும். டிக்கெட்டில் போட்டிருப்பதும் கிட்டத்தட்ட அதுதான். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடுவதால் போகும்போது கூடுதலும் வரும்போது குறைவுமாக இருக்கும். துபாயிலிருந்து நியூயார்க் போக 14 மணி நேரம், அதே வழியில் திரும்பி வரப் பன்னிரண்டரை என்றால் வித்தியாசம் புரியும்.

2. புறப்படும் நேரத்தை வந்துசேரும் நேரத்திலிருந்து நேரடியாகக் கழிக்காதீர்கள்

டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரம். நான் செய்த முதல் தப்பு இதுதான். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

வியாழன் அதிகாலை 3.45-க்குச் சென்னை. துபாயில் காலை 6.30. அங்கே 9.00 மணிக்கு அடுத்த விமானம். டாலஸில் அதே வியாழன் மாலை 4.00. பார்த்தால் பன்னிரண்டே கால் மணி நேரம்தான். டாலஸ் கடிகாரம் கோடையில் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அதைக் கூட்டினால் 22 மணி 45 நிமிடம். துண்டு துண்டாகக் கூட்டியும் சரிபார்க்கலாம்: துபாய் வரை நாலேகால், உட்கார்ந்தது இரண்டரை, மறுபடி பதினாறு. அதே இருபத்திரண்டே முக்கால்.

குளிர்காலத்தில் வித்தியாசம் பதினொன்றரை மணி நேரம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பின்னே இழுப்பார்கள். அக்டோபரில் டிக்கெட் போட்டு டிசம்பரில் போகிறவர்கள் இதில் வழுக்கி விழுவார்கள். துபாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை, ஆண்டு முழுவதும் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு, டிக்கெட்டில் 'மொத்தப் பயண நேரம்' என்று ஒரு வரி இருக்கும். அதை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் அதுவும் விமானம் கிளம்புவதில் ஆரம்பித்து விமானம் நிற்பதில் முடிகிறது. வீட்டுக் கதவுக் கணக்குக்கு முன்னால் நாலரை ஐந்து மணி நேரமும் பின்னால் இரண்டு மணி நேரமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. நள்ளிரவைத் தாண்டிய விமானம் என்றால் முந்தின நாள் கிளம்ப வேண்டும்

சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் கிளம்புகின்றன. எங்கள் டிக்கெட்டில் 15-ம் தேதி, 3.45 என்று இருந்தது. நான் காலண்டரில் 15-ஐ வட்டம் போட்டு வைத்திருந்தேன். 14-ம் தேதி சாயங்காலம் ஆறு மணி. மனைவி மறுநாள் காலை இட்லிக்கு மாவு அரைத்து, கையை அலம்பிக்கொண்டிருந்தாள். மகளிடமிருந்து போன்.

"அப்பா, எல்லாம் கட்டியாச்சா? எத்தனை மணிக்குக் கார்?"

"நாளைக்குத்தானேம்மா, ராத்திரி பத்து மணிக்குச் சொல்லியிருக்கேன்."

அந்தப் பக்கம் ரெண்டு வினாடி சத்தமே இல்லை. பிறகு, "அப்பா, இன்னைக்கு ராத்திரிப்பா!"

ஐந்து மணி நேரத்தில் நாலு பெட்டி கட்டினோம். அரைத்த மாவைப் பாத்திரத்தோடு பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு இரவு பதினொரு மணிக்குக் கிளம்பினோம். மகள் போன் செய்யாமல் இருந்திருந்தால் விமானம் போயிருக்கும். வராமல் போனவர்களுக்குப் பெரும்பாலும் திரும்பிவரும் டிக்கெட்டையும் சேர்த்து ரத்து செய்துவிடுவார்கள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வழி எளிது. காலண்டரில் விமானத் தேதியை எழுதாதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் தேதியையும் கிழமையையும் எழுதுங்கள்: '14, புதன், ராத்திரி 11, கார்.' வந்துசேரும் தேதியை மகனோ மகளோ டிக்கெட்டைப் பார்த்து அவர்களே குறித்துக்கொள்ளட்டும், நீங்கள் வாயால் சொல்ல வேண்டாம்.

4. நடுவில் இறங்கும் ஊரைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்

எங்கள் முதல் டிக்கெட்டை ஒரு ஏஜென்ட் போட்டுக் கொடுத்தார். இரண்டு இடத்தில் மாற வேண்டும்: வளைகுடாவில் ஒரு ஊர், அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு ஊர். ஒரே இடத்தில் மாறும் டிக்கெட்டைவிட ஆளுக்கு 14,000 ரூபாய் குறைவு. கிழக்குக் கரை ஊரில் மாறுவதற்கு ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தது. "தாராளம் சார்" என்றார்.

அவர் சொல்லாமல் விட்டது இது. அமெரிக்காவில் முதலில் கால் வைக்கும் விமான நிலையத்தில் இமிக்ரேஷன் முடிக்க வேண்டும். பிறகு பெட்டிகளை பெல்டிலிருந்து நாமே எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, அடுத்த விமானத்துக்காகத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். அதற்கப்புறம் மறுபடி பாதுகாப்புச் சோதனை. பெட்டியில் டாலஸ் என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் இப்படித்தான். இமிக்ரேஷன் வரிசையிலேயே எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. அடுத்த விமானத்துக்கு ஐந்தரை மணி நேரம் தேவுடு காத்தோம்.

ஆகவே முடிந்தவரை அமெரிக்காவுக்குள் மாறாத டிக்கெட்டாகப் பாருங்கள். மாறித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த முதல் அமெரிக்க நிலையத்தில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். அபுதாபி வழியில் ஒரு வசதி உண்டு: அமெரிக்க இமிக்ரேஷனை அங்கேயே முடித்துவிடுவார்கள், அமெரிக்காவில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணிபோல வெளியே வரலாம். ஆனால் அந்த வரிசைக்கும் அபுதாபியில் நேரம் வேண்டும், அங்கே ஒன்றரை மணி நேர இடைவெளி போதாது.

வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ மாறுவதற்கு இரண்டரையிலிருந்து நாலு மணி நேரம் சரியான அளவு. முழங்கால் வலிக்காரர்களுக்கு நாலு. எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் நான் எடுக்க மாட்டேன், நாற்காலியில் தூங்கும் வயது போய்விட்டது.

இன்னும் சில பொறிகள்:

மொத்தப் பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். சென்னை–துபாய் தனி, துபாய்–டாலஸ் தனி என்று இரண்டு டிக்கெட் வாங்கினால் மலிவாகத் தெரியும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அது உங்கள் பாடு. ஒரே பி.என்.ஆர். என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. எங்களை அன்று காப்பாற்றியது அது ஒன்றுதான்.

ஒரே ஊரில் இரண்டு மூன்று விமான நிலையங்கள் இருக்கலாம், மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். நம்முடையது எம்.ஏ.ஏ., மெட்ராஸ் காலத்துப் பெயர். டாலஸில் பெரியது டி.எஃப்.டபிள்யூ., லவ் ஃபீல்ட் என்று இன்னொன்று டி.ஏ.எல். நியூயார்க் பக்கம் ஜே.எஃப்.கே., லகார்டியா, நியூவார்க் என்று மூன்று. ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறும்படி டிக்கெட் வந்தால் தொடாதீர்கள்.

லண்டனில் மாறுவதென்றால், செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவர்கள் அதே நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்ளத் தனி விசா வேண்டாம். ஹீத்ரோவில் இறங்கி காட்விக் போக வேண்டுமென்றால் எல்லையைக் கடக்க வேண்டும், அது வேறு கதை. இந்த விதிகள் நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறுபவை. டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் பாருங்கள், ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

5. செலவு

வருகையாளர் விசா விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 185 டாலர். 2023 ஜூனில் 160-லிருந்து ஏற்றினார்கள். விசா கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. விசா கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள்.

இரண்டாம் முறை, துபாய் வழியில், போக வர ஆளுக்கு 1,12,000 ரூபாய் ஆனது. மூன்று மாதம் முன்பே போட்டோம். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் இதைவிட எவ்வளவோ ஏறும். அந்த 14,000 ரூபாய் மிச்சத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். காத்திருந்த நேரத்தில் இரண்டு பேருக்கு இரண்டு வேளை சாப்பாடு, நடுராத்திரி மாப்பிள்ளை ஓட்டி வந்த கார், மறுநாள் அவர் போட்ட விடுப்பு. மிச்சம் என்று எதைச் சொல்வது?

வீல்சேர் வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், குறைந்தது இரண்டு நாள் முன்னாலாவது. எங்களிடம் அதற்குக் கட்டணம் வாங்கவில்லை. மாறும் நிலையத்தில் ஒரு வாயிலிலிருந்து மறு வாயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கில் நடக்க நேரும், இந்தத் தூரத்தை எந்தத் தளமும் காட்டுவதில்லை. அங்கே தங்கும் நாளுக்கெல்லாம் மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

6. காகிதங்கள்

பாஸ்போர்ட், விசா, போக வர டிக்கெட், மகளின் முகவரியும் போன் எண்ணும், காப்பீடு, மருந்துச் சீட்டு. எல்லாவற்றையும் அச்சடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறது என்பதெல்லாம் சார்ஜ் இருக்கும் வரைதான்.

நம் ஆட்களுக்கு உள்ள தனித் தொல்லை இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக, முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருந்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக அச்சிட்டு, முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்.என்.யு. என்று போட்டுவிடுவார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். டிக்கெட்டில் எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்பதை விமான நிறுவனத்திடமே கேட்டுப் போடுங்கள். என் மனைவிக்கு ஏஜென்ட் வெறும் இனிஷியலைக் குடும்பப் பெயராகப் போட்டிருந்தார், அதைத் திருத்த மூன்று நாள் அலைந்தேன்.

அமெரிக்காவில் எத்தனை நாள் தங்கலாம் என்பதை விசா சொல்வதில்லை. இமிக்ரேஷன் அதிகாரி பதியும் ஐ-94 என்ற வருகைப் பதிவுதான் சொல்கிறது. இறங்கிய மறுநாளே அந்தத் தேதியை வலைத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி போகிறவர்களுக்கு இன்னொன்று. 2025 ஜனவரியிலிருந்து சென்னையிலும் விரைவு இமிக்ரேஷன் திட்டம் இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் உள்துறை அமைச்சகத் தளத்தில் முன்கூட்டியே பதிந்து, கைரேகையும் முகமும் கொடுத்துவிட்டால் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். ஒப்புதல் வர நாளாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

7. பெட்டி

சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி எல்லாம் பெரிய பெட்டியில். அமெரிக்கா போகும் விமானத்தில் கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், சில இடத்தில் வாங்கி வைத்துவிடுவார்கள். கறிவேப்பிலை வேண்டாம், அரிசி வேண்டாம், இரண்டையும் சுங்கத்தில் விட மாட்டார்கள். உணவு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். மாத்திரையும் இன்சுலினும் கைப்பையில் மட்டும். முப்பது மணி நேரப் பயணத்தில் கடிகாரம் பத்து மணி நேரம் பின்னால் போவதால், சர்க்கரை மாத்திரையை எப்போது போடுவது என்று கிளம்பும் முன்னரே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

8. வீட்டிலிருந்து மீனம்பாக்கம்

விமானம் கிளம்ப மூன்றரை மணி நேரம் முன்னால் அங்கே இருங்கள். கவுன்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். நள்ளிரவில் மெட்ரோ ஓடாது. பகல் விமானத்துக்கு மெட்ரோ நல்ல வழி, ஆனால் ஆளுக்கு இரண்டு பெட்டியோடு அல்ல. திரிசூலம் வரை லோக்கலில் வந்து படியேறலாம் என்பவர்களுக்கு என் வணக்கம்.

கார்காரரிடம் 'இன்டர்நேஷனல், டெர்மினல் 2' என்று தெளிவாகச் சொல்லுங்கள். பழைய சர்வதேசக் கட்டடத்தில் இப்போது உள்நாட்டு விமானங்கள்தான். வழியனுப்ப வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், அழுகையை வீட்டிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு நாள் கூடுதலாக வைத்துத் திட்டமிடுங்கள். 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் நின்று நிலையத்தையே மூடினார்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலிலும் மூடினார்கள். போகிப் பண்டிகைக் காலையில் புகையால் விமானங்கள் தாமதமாவதும் நமக்குப் புதிதல்ல. அங்கே கல்யாணம், வளைகாப்பு என்று தேதி குறித்த காரியம் இருந்தால் குறைந்தது மூன்று நாள் முன்னால் போய் இறங்குங்கள். முதல் மூன்று நாள் எப்படியும் பகலில் தூங்கி ராத்திரி முழித்துக்கொண்டுதான் இருக்கப் போகிறீர்கள்.

9. திரும்பி வரும்போது

போகும்போது ஒரே நாளில் போய்ச் சேர்ந்ததாகக் காட்டிய டிக்கெட், வரும்போது இரண்டு நாளை விழுங்கும். வெள்ளி மாலை 6 மணிக்கு டாலஸில் ஏறினால் துபாயில் மூன்றரை மணி நேரம் இருந்து, ஞாயிறு அதிகாலை 3 மணிக்குச் சென்னை. டிக்கெட்டின் ஓரத்தில் சின்னதாக '+2' என்று இருக்கும், அதன் பொருள் இதுதான். பார்ப்பதற்கு முப்பத்துமூன்று மணி நேரம், பத்தரையைக் கழித்தால் இருபத்திரண்டரை.

இந்த முறை காரை நான் அங்கிருந்தே போனில் சொன்னேன். டிரைவர் தம்பியிடம் "ஞாயிறு காலை மூணு மணி" என்று சொன்னால் அவர் ஞாயிறு ராத்திரி படுத்து எழுந்து திங்கள் விடியலில் வருவார். "சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டுத் தூங்காதப்பா, அப்படியே ஏர்போர்ட் வந்துடு" என்றேன். இரண்டே முக்காலுக்கே வந்து நின்றிருந்தார்.